மச்சானின் மூச்சு நின்ற கதை

2001-ஆம் ஆண்டு, ஆவணி மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. திருவண்ணாமலையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. முதல் மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவேண்டியவள் என் ஒரே மகள்.

பித்தப்பையில் கல். ஆறு மாதமாக வலி. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். அவள் பள்ளி ஆசிரியை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஸ்கேன் எடுத்தவர் நான்கு கல் என்றார். நான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணிப் பார்த்து, ஐந்து என்றேன். அது கல் இல்லை, நிழல் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நிழலாகவே இருந்தாலும் ஏன் இருக்கவேண்டும்?

என் சுபாவம் அப்படி. மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. அறுவடைக் காலத்தில் குலுக்கல் முறையில் சில வயல்களைத் தேர்ந்தெடுப்போம். அதில் ஒரு மூலையில் கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவோம். அந்த எடைகளைக் கொண்டு தாலுகாவின் சராசரி விளைச்சலைக் கணக்கிடுவோம். அரசாங்கம் அதை வைத்துத்தான் திட்டம் போடும். சராசரி என்ற சொல்லில்தான் என் குடும்பம் சோறு தின்றது.

என் மனைவியின் அண்ணன் இதைக் கேலி செய்துகொண்டே இருப்பார். அவர் எனக்கு மச்சான் மட்டுமல்ல, என் சொந்தத் தாய்மாமன் மகனும்கூட. அடி அண்ணாமலை கிராமத்தில் விவசாயம். ஒரு வருஷம் அவருடைய கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, சுத்தமாகக் காய்ந்துபோனது. அந்த வருஷம் தாலுகா சராசரி நன்றாக இருந்தது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்டீங்களா மாப்ள? அந்த சராசரியில ஒரு படி குடுத்தனுப்புங்க. வறுத்துத் தின்னுட்டு உங்களையும் உங்க ஆபீசையும் வாழ்த்தறோம்" என்றார். பத்துப் பேர் முன்னால். அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என் இலைக்குப் பக்கத்தில் வந்து, "சராசரியா எத்தினி வடை சாப்டீங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

ஆபரேஷன் தேதி குறித்ததிலிருந்து நான் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். டீசல் இருக்கிறதா என்று கேட்டேன். ஆக்சிஜன் சிலிண்டர்களைக் கீழ்த்தளத்தில் போய் நானே எண்ணினேன். இதுவரை இதுமாதிரி எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள் என்று சர்ஜனிடம் கேட்டேன். எண்ணியதில்லை என்றார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வேலூரிலிருந்து காரில் வரவேண்டும். ஏழு மணிக்கு வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மறுநாள் காலை எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. ராத்திரி முழுக்க மலையைச் சுற்றி வந்த ஜனம் மொத்தமும் ஒரே நேரத்தில் பஸ்ஸைத் தேடி நடந்துகொண்டிருக்கும். ஊருக்குள் எந்த வண்டியும் நுழைய முடியாது. நான் ஜன்னலில் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பௌர்ணமிக்கு மறுநாளில் ஆபரேஷன் வைக்காதீர்கள் என்று நான் சொன்னேன். அஷ்டமி நவமி பார்த்து, மாப்பிள்ளைக்கு லீவு பார்த்து, வேறு நாள் இல்லை என்று எல்லோரும் என்னை அடக்கிவிட்டார்கள். என் மகள் பச்சை அங்கியோடு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எட்டே முக்காலுக்கு டாக்டர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். காரை எங்கேயோ விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறார், செருப்பெல்லாம் புழுதி. தாமதத்துக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மகளைப் பரிசோதித்தார். பிறகு கேள்விகள். நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். மகளின் எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு, பிரசவம் நடந்த விதம், சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலை எல்லாவற்றையும் தேதியோடு சொன்னேன். கடைசியாக, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மனைவியும் தலையாட்டினாள்.

நாங்கள் எதையும் மறைக்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை. டாக்டர் உள்ளே போனார்.

அப்போதுதான் மாடிப்படியில் மச்சானின் குரல் கேட்டது. ராத்திரி முழுக்க மலை சுற்றிவிட்டு நேராக மருத்துவமனைக்கு வருகிறார். வெறுங்கால். நெற்றி நிறைய விபூதி. ஒரு கையில் பிரசாதப் பொட்டலம். தாய்மாமன் வராமல் என் தங்கச்சி பெண்ணை உள்ளே கொண்டு போய்விட்டீர்களா என்று வராந்தாவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தார். ஆபரேஷன் ஏழு மணிக்கு என்று அவருக்குத் தெரியும். எல்லாம் முடிந்திருக்கும், பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருக்கிறார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றதும் அவருக்குக் குஷியாகிவிட்டது. ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் போய் மகளின் நெற்றியில் விபூதி இட்டார். அவளுக்குத் தைரியம் சொல்கிறேன் என்று அந்தக் கதையை ஆரம்பித்தார்.

அந்தக் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். 1989-இல் வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மச்சானுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் முடிந்தும் அவருக்கு மூச்சு வரவில்லை. நான்கு மணி நேரம் கழித்துத் தானாகவே மூச்சு விட்டு எழுந்தார். அண்ணாமலையார்தான் உயிரைத் திருப்பிக் கொடுத்தார் என்று அப்போதே மாமா, அதாவது மச்சானின் அப்பா, சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒரு பௌர்ணமி தவறாமல் மச்சான் மலை சுற்றுகிறார். வழியில் கிடைக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்கிறார். பன்னிரண்டு வருஷமாக நாங்கள் கேட்டுக்கேட்டு, அவர் வாயைத் திறந்ததுமே குழந்தைகள் எழுந்து ஓடும் நிலைக்கு வந்திருந்தோம். எனக்கோ அதைக் கேட்டாலே எரிச்சல். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே போகிறது என்று எனக்குச் சந்தேகம். கணக்கு உதைக்கும் இடங்களில் குறுக்கே பேசுவேன். அவர் முறைப்பார்.

"பயப்படாத கண்ணு. உன் மாமன் நாலு மணி நேரம் மூச்சில்லாம கெடந்தவன். யமங்கிட்டயே போயிட்டு வந்தவன். உனக்கு இன்னா வந்துடப்போவுது?" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நல்ல நேரத்துல நல்லதா ஏதாவது பேசுங்க" என்றேன்.

தியேட்டர் கதவு பாதி திறந்திருந்தது. மயக்க மருந்து டாக்டர் தலையில் துணித்தொப்பியோடு அங்கே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. வெளியே வந்து மச்சானிடம், முழிப்பு வரவில்லையா, அல்லது முழிப்பு வந்து மூச்சு மட்டும் வரவில்லையா என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கதைக்கு நடுவே யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மச்சான் பிரசாதப் பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"முழிப்பு இருந்திச்சும்மா. காதுல எல்லாம் வுழுந்திச்சு. ரெண்டு நர்சம்மா புடவையப் பத்திப் பேசிக்கினு இருந்தாங்க. கண்ணத் தெறக்கணும்னு பாக்கறேன், முடியல. வெரலு ஆடல. என் தலமாட்டுல யாரோ ஒருத்தரு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கினே இருந்தாரு. வுடாம எண்ணிக்கினே இருந்தாரு. யமலோகத்துல என் பாவத்தக் கணக்கு பாக்கறாங்கன்னு நெனச்சேன்."

இந்த எண்ணும் இடம் வந்ததும் நாங்கள் எப்போதும் சிரிப்போம். அவ்வளவு பாவமா மச்சான், நான்கு மணி நேரம் எண்ணும் அளவுக்கு என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"அது யமன் இல்லீங்க ஐயா. எங்க ஆளு. உங்களுக்கு மூச்சு வராததால கையால காத்துப் பையை அமுக்கி அமுக்கி மூச்சு குடுத்திருக்காரு. விட்டுடக்கூடாதுன்னு எண்ணியிருக்காரு" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, நீங்களும் உங்கள் மனைவியும் சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களா என்று கேட்டார். மாமன் மகள் என்றேன். மச்சானின் அப்பா அம்மா? அவர்களும் அத்தை மகன், மாமன் மகள். எங்களில் அது சாதாரணம். வெளியே பெண் எடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

அவர் உள்ளே போய் சர்ஜனிடம் ஏதோ பேசினார். திரும்பி வந்து, இன்றைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. பெண் பட்டினி கிடக்கிறாள். மாப்பிள்ளை லீவு போட்டு வந்திருக்கிறார். இந்த மனிதரின் கதையைக் கேட்டு ஆபரேஷனை நிறுத்துவார்களா? டாக்டர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடுவதற்காக, உடம்பின் தசைகளை எல்லாம் தளர்த்த ஒரு மருந்து போடுவார்கள். ரத்தத்தில் இருக்கும் ஒரு சத்து அந்த மருந்தைச் சில நிமிஷங்களில் உடைத்துவிடும். மூச்சு திரும்பிவிடும். ஆனால் சிலருக்கு அந்தச் சத்து பிறவியிலேயே குறைவு. எல்லோருக்கும் போடும் அதே அளவு மருந்து அவர்களுக்கு மணிக்கணக்கில் இறங்காது. மற்றபடி அவர்கள் ஆரோக்கியமானவர்கள்தான். அந்த மருந்து உடம்பில் போகும்வரை அப்படி ஒரு குறை இருப்பது அவர்களுக்கே தெரியாது. அது பரம்பரையாக வருவது. சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துகொள்ள வாய்ப்பு அதிகம்.

நான் விடவில்லை. எத்தனை பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும் என்று கேட்டேன். பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்றார். பார்த்தீர்களா, பல ஆயிரத்தில் ஒன்று என்றால் அதற்காகவா நிறுத்துவது என்றேன். புள்ளிவிவரத்தில் அதை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்றுகூடச் சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "பல ஆயிரத்துல ஒருத்தரு இதோ நிக்கறாரு சார். அவரோட தங்கச்சி பொண்ணு அங்க படுத்திருக்காங்க" என்றார்.

காய்ந்துபோன மல்லாட்டைக் கொல்லையில் மச்சான் நின்றுகொண்டிருந்த காட்சி என்னவோ அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

மருந்தை மாற்றியும் செய்யலாம், ஆனால் இந்தச் சிறிய மருத்துவமனையில் மூச்சு இயந்திரம் இல்லை, இது உடனே செய்தாக வேண்டிய அவசரமும் இல்லை, தெரிந்துகொண்டே செய்வோம் என்று அவர் சொன்னார். மகளின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். மச்சானிடமும் எடுத்தார். சென்னையில் அவருடைய ஆசிரியர் ஒருவர் இதே விஷயத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார் என்றும், முடிவு வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்றும் சொன்னார். சர்ஜனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் அவரும் மறுக்கவில்லை. மகள் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி, முதலில் ஒரு டம்ளர் காபி கேட்டாள்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று என் மனைவியைத்தான் கேட்கவேண்டும். மகள் எங்கள் வேங்கிக்கால் வீட்டிலேயே இருந்தாள். எண்ணெய் இல்லாத சாப்பாடு. அவள் ராத்திரியில் புரண்டு படுத்தால் எனக்குக் கேட்கும். வலி அதிகமாகி அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தால், அங்கே வேறு யாரோ டாக்டர் அந்த மருந்தைப் போட்டுவிட்டால் என்று ஒரு பயம். அதனால் அந்த மருந்தின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் டாக்டரிடமே எழுதி வாங்கி வைத்துக்கொண்டேன். சக்சினைல்கோலின். மாப்பிள்ளையை உட்காரவைத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் ஒப்பித்தார்.

இதைவிட எனக்குச் சங்கடமாக இருந்தது மச்சான். அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. ஒரு நாள் காலையில் சைக்கிளில் அடி அண்ணாமலைக்குப் போனேன். கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமான கேலி ஒன்றும் இல்லை. நான்தான் ஆரம்பித்தேன். இத்தனை நாளாகச் சாமி செய்த அதிசயம் என்று சொன்னீர்களே, கடைசியில் ரத்தத்தில் ஒரு சத்து கம்மியாம் என்று, எப்போதும் போல எங்களுக்குள் இருக்கும் விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் எழுந்து போய் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிட்டு வந்தார். உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, மூச்சு நின்னது ரத்தத்தால. செரி, ஒத்துக்கறேன். நாலு மணி நேரம் கைய எடுக்காம ஒரு ஆளு எண்ணிக்கினே இருந்தாரே, அது எதனால?" என்றார்.

நான் நினைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை என்று வைத்துக்கொண்டால்கூட நான்கு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகும்? மனதுக்குள் பெருக்கினேன். வாழ்நாள் முழுக்க எண்ணியே சம்பளம் வாங்கிய நான், யாருடைய உயிருக்காகவும் அப்படி எண்ணியதில்லை.

அந்த ஆளைத் தேடிப் பார்க்கலாமா என்று மச்சான் கேட்டார். இருவரும் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் விசாரித்தோம். அந்த ஆஸ்பத்திரி மூடி வருஷக்கணக்காகியிருந்தது. அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்திருந்தது. அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. திரும்பி வரும்போது மச்சான், இனி மலை சுற்றும்போது ஏற்றும் கற்பூரத்தில் ஒன்று அந்த மனிதருக்கு என்றார்.

முடிவு பதினான்காம் நாள் வந்தது. டாக்டரே தொலைபேசியில் கூப்பிட்டார். மச்சானுக்கு அந்தச் சத்து அநேகமாக இல்லவே இல்லை. என் மகளுக்கும் அப்படியே.

நான் தொலைபேசியை வைத்துவிட்டு அந்தக் காலையின் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று கூட்டம் இல்லாதிருந்தால் டாக்டர் ஏழு மணிக்கு வந்திருப்பார். ஏழரைக்கு மருந்து போட்டிருப்பார்கள். மூச்சு இயந்திரம் இல்லாத மருத்துவமனை. மச்சான் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. ஜன்னலில் நின்று நான் திட்டிய அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கும்பிடவேண்டும் போலிருந்தது.

ஆபரேஷன் புரட்டாசி பிறந்து சில நாள் கழித்து நடந்தது. மூச்சு இயந்திரம் உள்ள வேறு மருத்துவமனை, வேலூரில். அதே டாக்டர். அந்த மருந்தை விட்டுவிட்டு வேறு மருந்து. எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது என்று என் மகளுக்கென்றே முந்தின நாள் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தார். வெளியே பெஞ்சில் நானும் மச்சானும். அன்று அவர் யாருக்கும் கதை சொல்லவில்லை. வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஏதோ மந்திரம் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். எங்கே விட்டோம், எங்கே ஆரம்பித்தோம் என்றெல்லாம் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் தப்பும் தவறுமாக எண்ணியது அன்று ஒரு நாள்தான்.

மதியம் மகளை வெளியே கொண்டுவந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். உதடு வறண்டிருந்தது. "மாமா, எனக்கு யாரும் எண்ணறது கேக்கவே இல்ல மாமா" என்றாள்.

மச்சான் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். என் நிலைமையும் அதுதான். என்னிடம் துண்டு இல்லை.

இத்தோடு விஷயம் முடியவில்லை. சென்னை ஆய்வாளர்கள் எங்கள் குடும்பம் முழுவதையும் பரிசோதிக்க விரும்பினார்கள். யாருக்கு எந்த மருந்து ஆகும், ஆகாது என்று ஆபரேஷன் மேஜையில் ஏற்றிய பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா என்பதுதான் அவர்கள் ஆராய்ச்சி. வியாதியைப் பார்த்து மட்டும் மருந்து கொடுப்பது போதாது, ஆளையும் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று அந்த டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். பௌர்ணமி அன்று மச்சான் வீட்டு வாசலில் மலை சுற்றுகிறவர்களுக்கு நீர்மோர் கொடுப்போம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். அந்த நாளிலேயே வந்து ரத்தம் எடுத்துக்கொள்ளச் சொன்னோம்.

வந்தார்கள். ஆனால் எங்கள் ஜனம் கையைக் கொடுக்கவில்லை. இந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு ரத்தத்தில் ஏதோ குறையாம் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று என் சின்ன அத்தை சத்தமாகவே சொன்னார். அதற்குமேல் யாரும் முன்வரவில்லை. இது வியாதி இல்லை, கல்யாணத்துக்குத் தடையும் இல்லை, ஒரு மருந்தை மட்டும் தவிர்த்தால் போதும் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் பென்சிலும் காகிதமும் எடுத்து வாய்ப்பு விகிதத்தை விளக்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் மோர்ப் பானைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

மச்சான் என்னை உட்காரச் சொன்னார். தன் கதையை ஆரம்பித்தார். வழக்கம்போல முதலிலிருந்து. ஆனால் இந்தத் தடவை யமனுக்குப் பதிலாகப் பையை அமுக்கிய அந்த முகம் தெரியாத மனிதர் வந்தார். என் மகள் வந்தாள். டாக்டர் புழுதிக் காலோடு நடந்து வந்தார். யாரும் எழுந்து ஓடவில்லை. முடித்துவிட்டு அத்தையைப் பார்த்து, "எண்ணறதுக்கு எல்லாருக்கும் ஒரு ஆளு கெடைப்பானா சின்னம்மா? எனக்குக் கெடச்சான். உன் பேரனுக்கும் கெடைப்பான்னு எழுதி வச்சிருக்கா?" என்றார்.

அத்தை வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். மற்றவர்கள் அவர் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

எங்கள் குடும்பத்தில் இன்னும் மூன்று பேருக்கு அது இருப்பது தெரிந்தது. அதில் அத்தையின் பேரனும் ஒருவன். எனக்குப் பாதி. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது, ஆபத்தில்லை என்றார்கள். இருப்பவர்களுக்கெல்லாம் மருந்தின் பெயர் எழுதிய அட்டை கொடுத்தார்கள். மச்சான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேட்டி கட்டுகிறவன், இதை எங்கே வைத்துக்கொள்வது, அடிபட்டுக் கிடந்தால் எவன் எடுத்துப் படிப்பான் என்று கேட்டார். மலை சுற்றும் பாதையில் பச்சை குத்துகிறவர் ஒருவர் அந்தக் காலத்தில் உட்கார்ந்திருப்பார். நேராக அவரிடம் போய், அட்டையிலிருந்த மருந்துப் பெயரை ஆங்கிலத்தில் அப்படியே முன்கையில் குத்திக்கொண்டு, அதற்குமேல் ஒரு குறுக்குக் கோடும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஏற்கெனவே அந்தக் கையில் ஒரு வேல் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் ஆசிரியருக்குக் காட்டவேண்டும் என்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

நான்கைந்து வருஷம் கழித்து அத்தையின் பேரன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சென்னையில் அவசர ஆபரேஷன். அவனுடைய அம்மா, எழுத்துக்கூட்டித்தான் படிப்பவர், அட்டையைக் காட்டி, மருந்தின் பெயரையும் வாயால் சொல்லியிருக்கிறார். அங்கே இருந்த டாக்டர்கள் ஆச்சரியப்பட்டு, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்களாம். மச்சானைக் குறித்து, இவன் பெரியப்பாவின் கதை என்று சொன்னாராம். ஆபரேஷன் ஒரு வம்பும் இல்லாமல் முடிந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விசேஷம். நடந்ததை எண்ண எனக்குத் தெரியும். நடக்காமல் போனதைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. என் மகளுக்கு இப்போது தலையில் நாலைந்து நரை. அதை நான் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒன்று கூடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

பௌர்ணமி தோறும் மச்சான் நீர்மோர்ப் பந்தலில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டி இன்னமும் யாரிடமாவது அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இப்போது குறுக்கே பேசுவதில்லை. எல்லோருக்கும் சலித்துப்போன ஒரு மனிதரின் கதையை ஒரு டாக்டர் நின்று கேட்டதால்தான் என் மகள் இருக்கிறாள் என்பதால், அவர் எதையாவது விட்டுவிட்டால் நானே எடுத்துக்கொடுக்கிறேன்.